தரையில் வைத்த கோப்பை

மஆன் ஊரைத் தாண்டி வடக்கே போகிற பாலைவனச் சாலையில், இடது கைப் பக்கம், மூக்கு நீண்ட சிவப்பு லாரி ஒன்று பல காலமாக நின்றது. அதுதான் அடையாளம். "சிவப்பு லாரிகிட்ட வந்துடு" என்றால் போதும், அகபா துறைமுகத்திலிருந்து அம்மான் நகரம் வரைக்கும் லாரி ஓட்டுகிற எவனுக்கும் இடம் விளங்கிவிடும். லாரிக்குப் பின்னால் முத்லக்கின் லாரி செட்டு. செட்டுக்குள், வந்தவர்கள் உட்கார்ந்து பேச ஒரு மஜ்லிஸ் அறை. அறை நடுவில் கணப்பு, கணப்பின் ஓரத்தில் காப்பிக் கெண்டி. அந்தக் கெண்டி ஆறிப்போய் யாரும் பார்த்ததில்லை.

முத்லக் யார் என்று கேட்கிறவன் வெளியூரானாகத்தான் இருப்பான். பள்ளிக்கூடத்துக்குள் அவர் உட்கார்ந்திருந்ததைவிட வாத்தியாரிடம் அடி வாங்கி வெளியே நின்றதுதான் அதிகம். மீசை முளைக்கும் முன்னே டயர் கழற்றப் போனார். டயர் கழற்றினவர் கிளீனர் ஆனார், கிளீனர் டிரைவர் ஆனார், டிரைவர் தன் சொந்தப் பெயரில் அந்தச் சிவப்பு லாரியை வாங்கினார். ஒருத்தனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. மாமன் மச்சான் சிபாரிசு இல்லை. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே லாரிப் பத்திரத்துக்காகத்தான். ஈராக்கில் சண்டை நடந்த காலத்தில் மற்றவர்கள் வீட்டில் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தபோது, முத்லக் அகபாவில் மாவு மூட்டை ஏற்றிப் பாக்தாதில் கொண்டுபோய் இறக்கினார். தலைக்கு மேல் விமானம் உறுமும். இவர் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் தேநீர். இன்றைக்கு ஏசி அறையில் உட்கார்ந்து சரக்குப் போக்குவரத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்களில் ஒருத்தன் அந்தச் சாலையில் ஒரு நடை போய் வந்து பேசட்டும், கேட்கலாம்.

ஒரு லாரி ஒரு வரிசை லாரியாயிற்று. விடிந்ததும் முத்லக் மர உரலில் காப்பிக்கொட்டை இடிப்பார். டக், டகடக், டக். சும்மா இடிப்பது இல்லை, அதில் தாளம் உண்டு. சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். கேட்டவன் பிரேக் போடுவான். மஜ்லிஸ் அறையில் கால் வைக்க இடம் இருக்காது. பெண் கேட்டுப் போக வேண்டுமா, முத்லக்கைக் கூட்டிக்கொண்டு போ. இரண்டு குடும்பத்துக்குள் இரத்தப் பகையா, முத்லக் நடுவில் உட்காரட்டும். அவரிடம் வந்து கோப்பையைக் கீழே வைத்தவன் எவனும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

அந்தக் கோப்பை விஷயம் இதுதான். வந்தவனுக்கு முதல் காப்பி ஊற்றிக் கொடுத்ததும், அவன் குடிக்காமல் தனக்கு முன்னால் தரையில் வைத்தான் என்றால், அவனுக்கு ஒரு தேவை இருக்கிறது. அது என்ன என்று தெரிவதற்கு முன்னாலேயே வீட்டுக்காரன் சொல்ல வேண்டும்: "குடி, நீ கேட்டது முடிஞ்சது." சொன்ன பிறகுதான் அவன் வாயைத் திறப்பான். திறந்த பிறகு பின்வாங்குகிறவன் மனுஷனில் சேர்த்தி இல்லை. கோப்பையைக் குடிக்காமல் விட்டு ஒருத்தன் எழுந்து போனால், அந்த வீட்டுக் காப்பியை அப்புறம் எவன் குடிப்பான்?

எல்லைகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். ஈராக் பக்கம் போச்சு, சிரியா பக்கம் போச்சு. லாரிகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. சிவப்பு லாரியை மட்டும் முத்லக் விற்கவில்லை. டிரைவர்கள் கலைந்தார்கள், பாதிப் பேர் மண்ணுக்குள் போனார்கள். மனைவியும் போனாள். ஒரே பிள்ளை நாயிஃப் ஸ்வீடன் நாட்டில் குடியேறினான். வெள்ளிக்கிழமை போனில் வந்து, "வாப்பா, அதை வித்துட்டு இங்க வந்துடுங்க" என்பான். "அங்க இப்பவும் பனியா, நீ சொல்ற அந்தப் பனி?" என்று முத்லக் பேச்சை மாற்றிவிடுவார்.

மிச்சம் இருந்தது தஸூகி ஒருத்தன். எகிப்துக்காரன், டயர் பஞ்சர் ஒட்டுகிறவன். செட்டின் மூலையில் அவனுக்கு ஒரு கட்டில், ஒரு ஜாக்கி, ஒரு காற்றடிக்கிற இயந்திரம். வாய் மட்டும் நாலு ஆளுக்குச் சமம். முத்லக் தினமும் கொட்டை இடித்தார். சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. லாரிகள் ஜன்னலை ஏற்றி, பாட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டன.

அப்போதுதான் நீலக்காரர்கள் வருகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. உலகம் முழுக்கச் சரக்கு அனுப்புகிற ஏதோ பெரிய கம்பெனி. கப்பல் அவர்களுடையது, விமானம் அவர்களுடையது, லாரியெல்லாம் நீல நிறம். இதுவரை எங்கள் நாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இப்போது அகபாவில் ஆபீஸ் திறந்தாயிற்று, மஆன் பக்கத்தில் டிப்போ போட இடம் தேடுகிறார்கள் என்று சந்தையில் எல்லோரும் பேசினார்கள். ரோட்டோரம் முக்காலி வைத்து அளந்ததை முத்லக்கே பார்த்தார்.

"இங்கதான் வருவான்," என்றார். "வேற எங்க போவான்? இந்த ரோட்டுல என் இடம் மாதிரி எவன்கிட்ட இருக்கு?"

"வரட்டும் முதலாளி. என்ன கேப்பீங்க? மாளிகையா, மாப்பிள்ளைக் காரா?" என்றான் தஸூகி.

"ஒண்ணும் கேக்க மாட்டேன். செட்டு முழுசும் எடுத்துக்கோ. இந்த மஜ்லிஸ் ரூம் மட்டும் நிக்கணும். உன் டிரைவருங்க எல்லாரும் இங்க வந்து உக்காரணும். அவ்வளவுதான்."

தஸூகிக்குத் தெரியும், இந்த மனுஷன் எத்தனை கொட்டையை இடித்து எத்தனை கெண்டியை மணலில் கொட்டினார் என்று.

ஒத்திகையும் நடந்தது. முத்லக் தஸூகியைக் கம்பெனிக்காரனாக வரச் சொன்னார்.

"நான் கம்பெனிக்காரன்னா எனக்குக் கோட்டு எங்க?"

"அந்த டியூபைக் கிழிச்சுக் கழுத்துல மாட்டிக்கோ. டை மாதிரிதான் இருக்கும்."

தஸூகி ரப்பர் டையோடு உள்ளே வந்தான். "ஹலோ மிஸ்டர், உங்க செட்டு எங்களுக்கு வேணும்!"

"சீ, மாட்டுச் சந்தையா இது? முதல்ல உக்காரு. சவுக்கியம் விசாரி. ஒட்டகம் சவுக்கியமான்னு கேளு."

"உங்ககிட்ட ஏது ஒட்டகம்?"

"இல்லாட்டி என்ன, கேக்கணும். அப்புறம் காப்பிய வாங்கு. குடிக்காத! கீழ வை."

"ஒரு மடக்குக் காப்பிக்கு இத்தனை சட்டமா? எங்க ஊர்ல காப்பின்னா குடிப்போம். சக்கரையும் போட்டுக் குடிப்போம். இது கசாயம், இதைக் கீழ வைக்கறதுதான் புத்திசாலித்தனம்."

முத்லக் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நாளாகியிருந்தது.

நீலக்காரர்கள் வந்தது ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் தொழுகை முடிந்த வேளை. வெள்ளைக் கார் சிவப்பு லாரியைச் சுற்றிக்கொண்டு செட்டுக்குள் திரும்பியது. இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருத்தன் ஹாலந்துக்காரன், யோஸ்ட் என்று பெயர். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். இந்தப் பக்கத்து டிப்போ வேலைக்கெல்லாம் அவன்தான் மேலாள். இன்னொருத்தன் ஸுஹைர், அம்மான் நகரத்து ஆள், கம்பெனியில் வேலை, பேச்சை மொழிபெயர்க்கக் கூட வந்தவன்.

முத்லக் உள்ளே போய்ப் புது அங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அவசரப்படவில்லை என்று அவர் சொல்வார். தஸூகி வேறு மாதிரி சொல்வான்.

உட்கார வைத்தார். கெண்டியை இடது கையில் பிடித்து, வலது கையால் கோப்பையை நீட்டினார். யோஸ்ட் வாங்கினான். ஏலக்காய் வாசத்தை முகர்ந்து தலையை ஆட்டினான். உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது அவன் சட்டைப் பையில் போன் அலறியது. அவன் கோப்பையைக் கம்பளத்தின் மேல், தனக்கு முன்னால், வைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

முத்லக்கின் கண்ணுக்குப் போன் தெரியவில்லை. கோப்பை மட்டும்தான் தெரிந்தது. எத்தனை காலம் ஆயிற்று, இந்தக் கம்பளத்தில் ஒரு கோப்பை நிறைந்த மேனிக்கு உட்கார்ந்து! நெஞ்சு நிமிர்ந்தது. வெளியே டயரோடு நின்ற தஸூகிக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"குடிங்க! நீங்க கேட்டது முடிஞ்சது!"

யோஸ்ட் போனை மூடிவிட்டுத் திருதிருவென்று பார்த்தான். ஸுஹைருக்கு முகம் வெளுத்தது. நகரத்துக்காரன்தான், ஆனாலும் எங்கள் நாட்டில் பிறந்தவன்.

"சாச்சா, அவசரப்படாதீங்க. இவரு வெளிநாட்டுக்காரரு. போன் வந்துச்சு, வெச்சாரு. முறை தெரியாது இவருக்கு."

"தெரிஞ்சு வெச்சானா தெரியாம வெச்சானான்னு கோப்பைக்குத் தெரியுமா தம்பி? கீழ இருக்குல்ல? எனக்கு அது போதும். என்ன வேணும்னு சொல்லச் சொல்லு."

"அதில்ல சாச்சா... சொன்னதைத் திருப்பி எடுத்துக்கோங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"முத்லக் சொல்லைத் திருப்பி எடுத்தான்னு எவனாவது சொல்லிருக்கானா? வாயைத் திற!"

ஸுஹைர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். டிப்போவுக்கு இடம் பார்த்தாயிற்று. எதிர்ப்பக்கத்துக் காலி நிலம், பத்திரமும் முடிந்தாயிற்று. சரக்கோடு அகபாவிலிருந்து அம்மான் போகிற லாரிக்கு அந்தப் பக்கம்தான் தோது. முத்லக்கின் செட்டு இருப்பது திரும்பி வருகிற பக்கம். ஆனால் டிப்போவிலிருந்து ரோட்டைக் கடந்து அகபா பக்கம் திரும்புகிற காலி டிரெய்லர்களுக்கு, வளைவிலிருந்து வருகிற வண்டி தெரியவில்லை. மறைப்பது அந்தச் சிவப்பு லாரி. கம்பெனியின் பாதுகாப்புக்காரர்கள் அது அகலாமல் வாசலைத் திறக்க விடமாட்டார்கள்.

"லாரிய ரோட்டோரத்துலேர்ந்து எடுத்துடணும். அதைக் கேக்கத்தான் வந்தோம். நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னுதான் நெனச்சோம்."

திரும்பி வருகிற பக்கம். முத்லக் அந்தப் பக்கத்தைத் தெரிந்துதான் வாங்கினார். பாரத்தை இறக்கிவிட்டுச் சும்மா வருகிறவனுக்குத்தான் உட்காரப் பொழுது இருக்கும் என்று.

யோஸ்ட் ஸுஹைரின் காதில் ஏதோ கேட்டான், ஸுஹைர் கையமர்த்தினான்.

"ஆறிப்போச்சு," என்றார் முத்லக். அந்தக் கோப்பையை எடுத்துச் சாம்பலில் கொட்டி, சூடாக வேறு ஊற்றி நீட்டினார். "குடிக்கச் சொல்லு. முடிஞ்சதுன்னா முடிஞ்சது."

யோஸ்ட் குடித்தான். நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

லாரியைத் தூக்கக் கம்பெனி கிரேன் அனுப்புவதாகச் சொன்னது. முத்லக் கேட்டாரே ஒரு கேள்வி: "கிரேன்ல தூக்க அதென்ன மையித்தா, செத்த உடம்பா? தன் கால்ல வந்தது, தன் கால்லயே போகும்."

தஸூகி டயர்களை மாற்றினான், பேட்டரி கொண்டுவந்து பூட்டினான், டீசல் குழாயை வாயால் உறிஞ்சித் துப்பினான். "இது கிளம்பிச்சுன்னா நான் பேரை மாத்திக்கறேன் முதலாளி," என்றான். முத்லக் ஏறி உட்கார்ந்து செல்ப் அடித்தார். இருமியது. மறுபடி அடித்தார், இருமியது. மூன்றாவது முறை கரும்புகை கக்கிக்கொண்டு உறுமியது பாருங்கள், எதிர்ப்பக்கம் வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்கள். யோஸ்ட் போனில் படம் எடுத்தான்.

"என்ன பேரு வெச்சுக்கப் போற?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் முத்லக்.

ரோட்டோரத்திலிருந்து செட்டின் பின்பக்கம் வரைக்கும்தான் தூரம். ஓட்டிக்கொண்டுபோய்ச் சுவரை ஒட்டி நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் மணல் தவிர ஒன்றும் தெரியாது. எங்கிருந்து பார்த்தாலும் லாரியும் தெரியாது. எஞ்சினை அணைக்க மனசு வரவில்லை. டீசல் தானாகத் தீர்ந்து அடங்கும் வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். தஸூகி கூப்பிடப் போகவில்லை.

டிப்போ எழும்பியது. நீலச் சுவர், நீல லாரி, கண்கூசுகிற விளக்கு. விடிந்ததும் முத்லக் முன்னைவிட ஓங்கி இடித்தார். டக், டகடக், டக். எதிர்ப்பக்கத்து டிரைவர்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று லாரிக்குள் இருக்கிற கருவி எங்கேயோ இருக்கிற எவனுக்கோ சொல்லிக்கொண்டே இருக்குமாம். காப்பி டிப்போவுக்குள்ளேயே ஒரு பெட்டியில் பித்தானை அமுக்கினால் காகிதக் கோப்பையில் விழுமாம். சிவப்பு லாரியை அடையாளம் வைத்து வருகிற பழைய ஆள் ஒன்றிரண்டு பேரும் இடம் தெரியாமல் தாண்டிப் போனார்கள். ஒருத்தன் போன் பண்ணி, "செட்டை இழுத்து மூடிட்டீங்களா ஹாஜியார்?" என்று கேட்டான்.

"அவங்க வரலைன்னா நாம போவோம்," என்றார் முத்லக். கெண்டியை ஒரு கையிலும் கோப்பைகளை மறு கையிலும் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். இருபது வயசில் பாக்தாத் போனவர், எதிர்ப்பக்கம் போக மாட்டாரா?

வாசல் கூண்டில் காவலுக்கு இருந்தவன் ஹுவைமில். மஆன்காரன், முத்லக்கிடம் முன்னே லாரி ஓட்டியவன். நீலச் சட்டையில் அவனை அடையாளம் கண்டுபிடிக்கவே கொஞ்சம் நேரம் பிடித்தது. அட்டை இல்லாதவர் உள்ளே போக முடியாது என்றான். ஆனால் கூண்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கோப்பையை வாங்கிக் குடித்தான். "அல்லாஹ் உங்க கைய நல்லா வைக்கட்டும்," என்றான். அது போதும். முத்லக் மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். ஜன்னலுக்கு வெளியே ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பாக்தாத் கதை சொன்னார். ஹுவைமில் கேட்டான், அல்லது கேட்கிற மாதிரி இருந்தான். அவனும் அந்தக் கதையில் பாதியில் வருகிறவன்தானே. உள்ளே வெளியே போகிற டிரைவர்களில் ஒருத்தன் கையசைத்தான். முத்லக் அதைத் தஸூகியிடம் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் ஓட்டினார்.

ஒரு நாள் சாயங்காலம் ஹுவைமில் கோப்பையை வாங்கினான். குடிக்கவில்லை. வெளியே ஓடுகிற லாரியைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"உங்க எகிப்துக்காரனை இங்க டயர் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்களாமே. தங்கறதுக்கு ரூமும் உண்டு. சொல்லலியா அவன்?"

"சொல்லுவான்," என்றார் முத்லக்.

ஹுவைமில் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தான். அவருக்கு நேர் முன்னால். வைத்த விரலை உடனே எடுக்கவில்லை. போன் ஒன்றும் அலறவில்லை.

முத்லக் கோப்பையைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். அவன் முகத்தைக் காட்டவில்லை. நடக்கப் போவது அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. வேறு ஒருத்தனாயிருந்தால் பார்க்காத மாதிரி எழுந்து போயிருப்பான். முத்லக் அப்படி வளர்ந்தவர் இல்லை.

"குடி ஹுவைமில். நீ கேட்டது முடிஞ்சது."

அவன் கண்ணால் மேலே காட்டினான். "ஹாஜியார்... இந்தா மேல பாருங்க, கேமரா இருக்கு. எல்லாத்தையும் எங்கேயோ இருந்து எவனோ பாத்துட்டு இருக்கான். வாசல்ல வெளியாள் உக்காரக் கூடாதுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. மூணாவது தடவை சொல்ல மாட்டாங்க, என்னை வேலையைவிட்டு அனுப்பிடுவாங்க. எனக்குப் பொண்ணுங்க இருக்கு. நான் வாயால எப்படிச் சொல்லுவேன் உங்ககிட்ட? அதான்..."

"அதான் கோப்பையில சொல்லிட்ட," என்றார் முத்லக். "முறையாத்தான் சொன்ன. குடி, ஆறிடப் போவுது."

அவன் குடிக்கிற வரைக்கும் நின்றார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான். குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கையைப் பிடித்து முத்தமிட வந்தான். முத்லக் கையை இழுத்துக்கொண்டார். எண்ணெய் டின்னை நிமிர்த்தி, காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ரோட்டைக் கடந்தார்.

மஜ்லிஸ் அறையில் தஸூகி கரியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"என்ன முதலாளி, சீக்கிரம் வந்துட்டீங்க. குடிச்சானா?"

"குடிச்சான். ஒரு சொட்டு விடாம." முத்லக் உட்கார்ந்தார். "கோப்பையைக் கீழ வெச்சான் தெரியுமா? ரெண்டாவது ஆளு. மஆன்ல இன்னைக்கு எவன் வீட்டுக்கு ஆள் வந்து கோப்பையைக் கீழ வைக்கறான்? பெரிய பெரிய ஷேக்குங்க வீட்டுலகூட மேசை மேல வெச்சு ஊதி ஊதிக் குடிச்சுட்டுப் போறானுங்க. என்கிட்ட வெச்சாங்க. ரெண்டு பேருக்கும் குடுத்தேன்."

"என்ன கேட்டான்?"

"கேட்டான், குடுத்தேன். அதை வெளிய சொல்றவனா நான்?"

எதிர்ப்பக்கத்து விளக்கு வாசல் வழியாக வந்து கம்பளத்தில் நீலமாக விழுந்திருந்தது. முத்லக் கெண்டியை எடுத்து ஒரு கோப்பை ஊற்றி அவனிடம் நீட்டினார். எப்போதும் அவனுக்கு அவர் ஊற்றுவது இல்லை, அவனே ஊற்றிக்கொண்டு வாயடித்துக்கொண்டு குடிப்பான். இன்றைக்கு நீட்டினார்.

தஸூகி இரண்டு கையாலும் வாங்கினான். கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மெல்லத் தாழ்ந்தது, கம்பளத்துக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. முத்லக் அந்தக் கையைப் பார்த்தார். சொல்ல வேண்டிய சொல்லை நாக்கின் மேல் எடுத்து வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திக் காத்திருந்தார்.

கை மேலே போயிற்று. தஸூகி ஒரே மடக்கில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"சக்கரை இல்லாம இந்தக் கசாயத்தை எப்படித்தான் குடிக்கறீங்களோ."

போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டும். அவன் ஆட்டவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான்.

முத்லக் ஊற்றினார்.